தண்ணீர் ஒட்டாத தரை

அந்தத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் 'சட்டம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. "சட்டம் வருது, ஷூவை மாத்துங்கப்பா" என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், ஸ்டோர் வாசலில் நிற்கிற அத்தனை பேரும் மளமளவென்று குனிந்துவிடுவார்கள். மனுஷன் உயிரை எடுக்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஸ்டோரில் ஒருவரும் வழுக்கி விழுந்ததில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

அவர் பொறுப்பில் இருந்தது சிலிக்கான் எண்ணெய். ரப்பர் அச்சில் ஒட்டாமல் கழன்று வர, அச்சுக்குள் அதைத் தடவுவார்கள். பார்க்கத் தண்ணீர்போல் இருக்கும், வாசனை கிடையாது, விஷமில்லை, லேசில் தீப்பிடிக்காது. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போயிற்று. "இந்தச் சாதுவுக்கா சார் இவ்வளவு காவல்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"சாதுதான். தரையில சிந்தட்டும், அப்ப தெரியும்" என்பார் சட்டம்.

சிந்தினால் அது காயாது. ஆவியாகாது. தண்ணீர் விட்டுத் துடைத்தால் இன்னும் கொஞ்சம் பரவி, கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு டிரம்முக்கும் அடியில் ஒரு தட்டு வைத்திருந்தார். மூடிகள் இறுக்கமாக, பெயர்ச்சீட்டுகள் எல்லாம் வாசலைப் பார்த்தபடி இருக்கும். அமிலங்களுக்குத் தனி அறை. மூலையில் மரத்தூள் வாளி. எல்லாவற்றுக்கும் மேலே, வாசலில் ஒரு மஞ்சள் கோடு. ஸ்டோருக்குள் போட்ட ஷூ அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. முதலாளியே வந்தாலும் சரி, அதில் பேச்சே கிடையாது.

அந்தக் கோட்டை ஒரே ஒருவர்தான் தாண்டினார். அவரேதான், வேறு யார்?

பாதுகாப்பு ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிற நாள். காலையில் ஒரு கைப்பம்பு லேசாகக் கசிந்தது. மரத்தூளைப் போட்டு அள்ளினார், துடைத்தார், எல்லாம் முறைப்படிதான். மத்தியானம் சட்டைப்பையைத் தடவினால் மூக்குக்கண்ணாடியைக் காணோம். பொடி எழுத்துச் சீட்டுகளை அதிகாரிகள் முன்னால் படித்துக் காட்டவேண்டும். கண்ணாடி இல்லாமல் என்னத்தைப் படிப்பது? கம்பெனி வேனில் வீட்டுக்கு ஓடினார். மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், மகள் குளியலறையில். வெளியே டிரைவர் ஹாரனை அடித்த அடியில் தெருவே திரும்பிப் பார்த்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் இருந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பினார். உள்ளே போக ஆறு எட்டு, வெளியே வர ஆறு எட்டு. காலில் ஸ்டோர் ஷூ.

அதிகாரிகள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "ஒரு சொட்டு இல்லைங்க தரையில!" என்று மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நேரத்தில்தான் ஃபோன் வந்தது. மகள் இரண்டு மணிக்குச் சமையலறையைத் துடைத்திருக்கிறாள், அடுத்த கால் மணியில் மனைவி அங்கே வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

"ஈரத்தை அப்படியே விட்டிருக்கா இவ. நல்லாப் பிழிஞ்சு துடைடின்னு சொன்னா காதுல ஏறுதா?" என்றாள் மனைவி, ஆஸ்பத்திரிக் கட்டிலில். "எண்ணெயில கால வெச்ச மாதிரி சர்ருனு போச்சு."

எண்ணெய் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டிலின் அந்தப் பக்கம் மகள் விம்மிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார்.

அப்புறம் அவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். போட்டதைச் சாப்பிட்டார். உப்பில்லாத குழம்பை முழுசாகத் தின்றுவிட்டு எழுந்தார். டிரம்களை எண்ணினார், மூடிகளைத் திருகினார். "உடம்புக்கு என்ன சார்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஒண்ணுமில்லையே" என்றார். உண்மையாகவே ஒன்றுமில்லாமல்தான் இருந்தது. அழுகைகூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி முழு மனுஷனும் மரத்துக் கிடந்தார்.

மகளுக்கு வேறு ஊரில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. மூன்று வருடம் அலைந்து வாங்கிய வேலை. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்:

"நான் போகலப்பா. வரலைன்னு எழுதிடப் போறேன்."

"ஏம்மா?"

"விழவெச்சது நான். பார்த்துக்க வேண்டியதும் நான்தானே?"

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போனார். அட, கேடுகெட்ட மனுஷா!

மறுநாள் காலை மகள் அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அவர் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். "இங்க வாம்மா."

ஃபிரிட்ஜுக்கு முன்னால், விழுந்த இடத்தில் மகள் விரித்துப்போட்டிருந்த மிதியடியை அவர் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் எடுத்துத் தரையில் தெளித்து, உள்ளங்கையால் பரப்பினார். தண்ணீர் நாலாபக்கமும் படர்ந்தது. ஓர் இடத்தில் மட்டும் படராமல் முத்து முத்தாக உருண்டு விலகிப் போனது. விலகின இடத்தில், ஓரங்கள் கொஞ்சம் பரவியிருந்தாலும், ஒரு வடிவம் தெரிந்தது. அகலமான முன்பக்கம், குறுகின இடுப்பு, குதிகால். அவர் எழுந்து தன் வெறும் இடது காலை அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஸ்டோர் எண்ணெய்ம்மா. அன்னிக்கு மத்தியானம் கண்ணாடி எடுக்க ஷூவோட வந்தேன். நீ துடைக்கிறதுக்கு முன்னாடியே இது இங்க இருந்தது. ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தெரியும். சொல்லல."

மகள் குனிந்து அந்த வடிவத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்த இடத்தை மட்டும் தினமும் தொடச்சேம்பா" என்றாள். "எவ்வளவு தொடச்சாலும் தண்ணி நிக்காம ஓடும். எனக்குத் தொடைக்கவே தெரியலைன்னு நினைச்சேன்."

உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க அங்க?"

அவர் போய்க் கட்டிலருகில் நின்று ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி கேட்டு முடித்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அவளை வரச் சொல்லுங்க" என்றாள். "நீங்க வெளிய இருங்க."

வெளியே வந்து கையுறை மாட்டிக்கொண்டார். ஜன்னலைத் திறந்து வைத்து, டர்பன்டைன் நனைத்த துணியால் அந்தத் தடத்தை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தார், பிறகு சோப்புத் தண்ணீரால். உள்ளே முதலில் அம்மா அழுவதும் பிறகு மகள் அழுவதும் கேட்டது. அவருக்கு வரவில்லை. மறுபடி தண்ணீர் தெளித்தார். இந்தத் தடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படர்ந்தது. அழுக்குத் துணியை ஒரு பையில் போட்டு, கட்டி, மேலே என்னவென்று எழுதிவைத்தார்.

மகள் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அம்மாவை யாரு பார்த்துப்பா?"

"நான்தான். இருபத்திரண்டு வருஷத்து லீவு அப்படியே இருக்கு. காலையிலயே மேனேஜர்கிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன்."

அவள் பரண் பக்கம் தலையை மட்டும் திருப்பினாள்.

"பெட்டி மேல இருக்கு. எடுத்துக் குடுங்க."

நாற்காலியைப் போட்டு ஏறினார். பெட்டியின் பிடியைப் பற்றியபோதுதான் கைகள் இரண்டும் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தன. கீழே நின்ற மகள் நாற்காலியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.