அத்தை மரத்துக் காய்

பிள்ளைகளே, நேற்று மாம்பழம் தின்று முடித்ததும், கொட்டையை நட்டால் இதே மரம் வருமா வராதா என்று சண்டை போட்டீர்களே, அதற்கு எனக்கு எழுதத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். உங்கள் வயதில் நானும் வரும் என்றுதான் நம்பினேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற வழியில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. எல்லாம் கொட்டை போட்டு முளைத்த மரங்கள். ஒன்றின் பழம் தேனாக இருக்கும். பக்கத்து மரத்துப் பழம் பல்லைக் கூச வைக்கும். இன்னொன்று முழுக்க நார். என் அய்யாவின் தங்கை பிறந்த வருஷம் முளைத்த மரத்துக்கு அத்தை மரம் என்றே பெயர். எல்லாக் காயையும் ஒன்றாக வைக்கோலில் அடுக்கி, மணம் வந்ததும் ஒன்றாகவே எடுத்துவிடுவோம். அத்தை மரத்துக் காய் மட்டும் அப்போதும் கல்லாகக் கிடக்கும். அறுத்தால் புளிப்பு. மாட்டுக்குப் போடுவோம். அந்த இடத்தில் ஒட்டுக்கன்று வைக்க அய்யாவுக்கு ஆசை. ஆடி கழிந்ததும் வெட்டிக்கொள்ளலாம் என்று மர வியாபாரியிடம் பேசிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்கு ஆடிப்பூரத்துக்கு மாம்பழச் சீர் போகும். அந்த வருஷம் வண்டியில் நானும் போனேன். கூடை அடுக்கும்போது அய்யா, "ஏலே, அத்தை மரத்துக் காய அடியில போடு. கல்லுல்லா, அமுங்காது" என்றார்.

அது அமுங்கவில்லை. மேலே இருந்த நல்ல பழமெல்லாம் அதன்மேல் மோதிக் கூழாகிவிட்டது. அத்தையின் மாமியார் கூடையை எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஒங்கண்ணன் பழம் அனுப்புனானா, பாயசம் அனுப்புனானா?" என்றாள்.

அத்தை கூழை வழித்து ஒதுக்கினாள். அடியில் கிடந்த காய்களைத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். மரத்தை வெட்டப்போகிற சேதியை அப்போதுதான் உளறினேன். அவள் கை அரிசிக்குள்ளேயே செத்த நேரம் நின்றது.

"வேண்டாம்னு சொல்லி அனுப்பேன் அத்தை."

"என்னன்னு சொல்ல? புளிக்குன்னுதான அண்ணன் வெட்டுது. பழுக்கட்டும், பொறவு பேசுவோம்."

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்தது. விருந்தாளிகள் போனார்கள், நான் மட்டும் தங்கிவிட்டேன். தினமும் அத்தை பானைக்குள் கைவிட்டுக் காயை அமுக்கிப் பார்ப்பாள். அந்தக் காய்க்கு அவசரமே தெரியவில்லை. ஆவணி முதல் நாள் காலையில்தான் வீடு மணத்தது. தோல் சுருங்கியிருந்தது. உள்ளே பொன்னிறம், துளி நார் இல்லை. மாமியார் இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினாள். "இம்புட்டு நாளும் ஒங்கண்ணன் இத ஒளிச்சுல்லா வச்சிருக்கான்!"

அத்தை ஒன்றை என் மடியில் கட்டி, மாமாவோடு அடுத்த ரயிலுக்கு விரட்டினாள். தோப்புக்கு ஓடினோம். அடிமரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அய்யா நின்றபடியே பழத்தைத் தின்றார். "எந்த மரம்லே?" என்றார். நான் வண்டியைக் காட்டினேன். "செத்த முன்ன வந்திருக்கக் கூடாதா" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

"கொட்டை இருக்குல்லாய்யா? நட்டா அதே மரம் வந்துட்டுப் போகுது" என்றேன். அவர் கொட்டையை என் கையில் கொடுத்தார்.

தீபாவளிக்கு வந்த அத்தையை இழுத்துப்போய், முளைத்திருந்த கன்றைக் காட்டினேன். "ஒம் மரம் வந்துட்டு அத்தை!" அவள் என் தலையைத் தடவி, "வரும்லே ராசா, ஏதோ ஒண்ணு வரும்" என்றாள். கன்று கண்முன்னே நிற்கும்போது எதற்கு ஏதோ ஒன்று என்கிறாள் என்று எனக்குக் கோபம்.

அது காய்க்கத் தொடங்குமுன் எனக்கு மீசை அரும்பிவிட்டது. முதல் பழத்தை அறுத்தோம். புளிப்பு, அதோடு நார். அத்தையின் பேச்சு அன்றைக்குத்தான் புரிந்தது. பிள்ளை பிறக்கும், தாய் திரும்பி வரமாட்டாள்.

எல்லோரும் படுக்கப் போன பிறகு, அதன் காய்களில் ஒன்றைத் துடைத்து, எங்கள் வீட்டு அரிசிப் பானையின் அடியில் புதைத்து வைத்தேன்.