பெருங்காயம் போட மறந்த மாவு

கடலைப் பார்த்த தெருவில் குடியிருந்துகொண்டு ஏரி மீனுக்கு மாவு பிசைந்தவள் திருவொற்றியூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். கூடைக்காரம்மா சங்கராவையும் வஞ்சிரத்தையும் வீட்டு வாசலிலேயே இறக்கிவைப்பாள். என் வீட்டுக்காரரோ ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மாதவரம் தாண்டி ஏரிக்குப் போவார், கட்லா பிடிக்க. "எம்மாம் பெரிய கடலு கீது, உன் வூட்டுக்காரருக்குப் பத்தலியாமா?" என்று அவள் கேட்காத வாரம் இல்லை. எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். "அவருக்கு உப்புத் தண்ணி ஒத்துக்காது" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. அவருக்கு வேலை எண்ணூர் போகிற வழியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில். கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். வாரத்தில் ஆறு நாள் குழாய்களுக்கு நடுவே நிற்கிற மனிதர், ஏழாவது நாள் ஒரு மரத்தடியில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்காமல் மாவு பிசையவும் ஆரம்பித்தேன். அது என் தலையெழுத்து.

கட்லாவுக்குப் புழு ஆகாது, மாவுதான். பிசைவது நான், முகர்ந்து பார்த்துச் சொல்வது அவர். அப்படித்தான் எங்களுக்குள் வழக்கம். வேர்க்கடலைப் பிண்ணாக்கு வாங்கத் தேரடிப் பக்கம் மாட்டுத் தீவனக் கடைக்குப் போவோம். ஒரு துண்டு உடைத்து மூக்கில் வைப்பார். "இது பழசு, சிக்கு வாடை அடிக்குது. அந்த மூட்டைய பிரிங்க" என்பார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த மூட்டையைப் பிரிப்பார். மாடு வைத்திருப்பவர்கள்கூட அந்தக் கடையில் அவ்வளவு பிகு பண்ணியதில்லை.

பிண்ணாக்கை இளஞ்சூட்டில் வறுத்து இடிக்க வேண்டும். கருகினால் போச்சு. அதோடு சலித்த தவிடு, பிடிப்புக்கு ஒரு கை மைதா, கொஞ்சம் வெல்லப்பாகு. வெயில் காலம் என்றால் ஏலக்காய். மழைக்காலம் என்றால் கட்டிப் பெருங்காயத்தை முந்தைய நாளே ஒரு கிண்ணத்தில் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் பிசைய வேண்டும். ஏன் இந்த மாற்றம் என்று ஒரு தடவை கேட்டேன். "மழைல தண்ணி கலங்கிப்பூடும். மீனுக்குக் கண்ணு தெரியாது. அப்போ அதுக்கு மூக்குதான் எல்லாம்" என்றார். சோப்புப் போட்ட கையால் பிசையக்கூடாது. பிசைந்ததில் கோலிக்குண்டு அளவு உருட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவேன். நான் ஒரு வெங்காயம் அரிந்து முடிக்கிற வரை அது அப்படியே கிடக்க வேண்டும், அதற்கப்புறம் மெல்ல இளக வேண்டும். கடைசியில் அவர் வந்து ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுப்பார். ஒரு ஏலக்காய் கூடினாலும் சொல்லிவிடுவார். குறைந்தாலும் சொல்லிவிடுவார். மாமியார் இல்லாத குறையை அந்த மூக்கு தீர்த்துவைத்தது.

ஏரிக்குக் கூடப் போவது பாய். தண்டையார்பேட்டைக்காரர், இவரோடு அதே பிளாண்டில் அதே ஷிஃப்ட். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னை அண்ணி என்பார். வெள்ளிக்கிழமைகளில் அத்தர் பூசுகிறவர். ஆரம்பத்தில் ஒரு ஞாயிறன்றும் பூசிக்கொண்டு வந்துவிட்டார். "மீனு உன்ன மோந்து பாத்துட்டு செங்குன்றத்துக்கே ஓடிப்பூடும், போய்க் கழுவிகினு வா" என்று இவர் தெருக்குழாயடிக்கு விரட்டினார். அதிலிருந்து ஞாயிறு அத்தர் கிடையாது.

ஒரு சித்திரை மாதத்தில் என்னால் ஒரு தப்பு நடந்தது. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய கையைச் சரியாகத் துடைக்காமல் மாவில் வைத்துவிட்டேன். பிசைந்து முடித்த பிறகுதான் குப்பென்று வாடை வந்தது. மறுபடி வறுத்து இடிக்க நேரமில்லை. திட்டு வாங்கத் தயாராகச் சுவரோரம் நின்றேன். அவர் வந்தார், ஒரு பிடி எடுத்தார், கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார். "ஏலக்கா கரெக்டா கீது. இன்னிக்கு மாட்டும் பாரு" என்றார்.

என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்றே நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், அதில் கிண்டல் எதுவும் இல்லை. மாவைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெறுங்கையோடு திரும்பி வந்தவரிடம் மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எனக்குப் பொங்கலுக்கு முன்னால இருந்தே ஒண்ணும் தெர்லமே" என்றார். அதுவரை என் குழம்பையும் என் மாவையும் வெறும் ஞாபகத்தில் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மூக்குதானே, கண்ணா போய்விட்டது என்று கேட்பவர்களுக்கு அந்த பிளாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே குழாயில் ஒரு வாயு ஓடும். கசிந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இரண்டு விஷயம். வாடை வந்தால் ஓடு. வந்த வாடை திடீரென்று நின்றுபோனாலும் ஓடு, ஏனென்றால் அளவு அதிகமானால் அது முதலில் மூக்கைத்தான் கொல்லும், அப்புறம் ஆளை. வாயு கசிந்தால் மணியடிக்கச் சுவரில் ஒரு மெஷின் மாட்டியிருந்தார்கள். அது ஓடிய நாளைவிட மூடிக் கிடந்த நாள்தான் அதிகம் என்று இவரே சொல்லியிருக்கிறார். பெரிய கசிவென்றால் சங்கு ஊதும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் கடிகாரத்தை அதை வைத்துத்தான் திருப்புவோம்.

பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூக்கு டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். மருந்து தீர்ந்தது, இன்னொன்று வாங்கினோம், அதுவும் தீர்ந்தது. தினம் காலையில் பெருங்காய டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடிப்பேன். அவர் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். சில நாள் எனக்காக, லேசாகத் தெரிகிற மாதிரி கீது என்று பொய் சொல்வார். அந்தப் பொய் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

வேலையை விடச் சொல்லிச் சண்டை போட்டேன். "மூக்கு போன காண்ட்ராக்ட் ஆளுக்கு வெளியில எவன் வேல குடுப்பான்? சொன்னா கம்பெனி கேட்டாண்டயே நிறுத்திடுவான்" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "பாய் பக்கத்துலயே கீறான் இல்ல. அவன் மூக்கு நாய் மூக்கு. அவன் நவுந்தா நானும் நவுந்துடுவேன். அவனாண்ட சொல்லிக்கல, சொன்னா பயந்துகுவான்" என்றார்.

அன்றிலிருந்து பாயின் மூக்கு என் பொறுப்பாகிவிட்டது. சொந்தப் பிள்ளை இருந்திருந்தால்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அவர் ஒரு தும்மல் போட்டால் உடனே அடுப்பைப் பற்றவைப்பேன். சுக்கு, மிளகு, துளசி போட்டுக் கஷாயம் வைத்து இவர் டிபன் கேரியரோடு அனுப்புவேன். மழையில் நனைந்து வந்தால் தலை துவட்டச் சொல்லி அதட்டுவேன். "எங்க வூட்ல கூட இம்மாம் கவனிப்பு இல்ல அண்ணி" என்று சிரிப்பார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். நான் கவனித்தது அவரை இல்லையே.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. விடிந்ததும் பாய் வந்துவிட்டார். அத்தர் வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. சமீபமாக வெள்ளிக்கிழமைகளிலும் அது தூக்கலாகத்தான் இருந்தது. பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், மனிதர் ஜோராக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு ஞாயிறாச்சே என்று மட்டும் ஒரு கணம் தோன்றியது. கழுவிகினு வா என்று விரட்ட வேண்டியவருக்கு அது தெரியவே இல்லை. அவர் வெளியே டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

பாய் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு பிடி மாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நன்றாக இழுத்தார். "பெருங்காயம் இன்னா தூக்கு தூக்குது அண்ணி. ஏரி மீனெல்லாம் வூட்டுக்கே வந்துரும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. போயிட்டு வாங்க என்று இருவரையும் அனுப்பிவிட்டு அடுப்பங்கரைக்கு வந்தேன்.

ஜன்னல் திட்டில் பெருங்காயக் கிண்ணம் இருந்தது. முந்தைய நாள் ஊறவைத்த தண்ணீர், ஒரு சொட்டுக் குறையாமல். மாவை வெறும் தண்ணீரிலேயே பிசைந்துவிட்டிருந்தேன்.

முதலில் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனையை நோக்கி ஓடவும் செய்தேன். பாதித் தெருவில்தான் பாய் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். கூடைக்காரம்மா எதிரே வந்து, கிண்ணத்தை எட்டிப் பார்த்து, இன்னாம்மா இது என்றாள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மரியாதைக்குச் சொல்லியிருப்பார் என்று மதியம் வரை மனசைத் தேற்றினேன். வழக்கமாக மழைக்குப் பெருங்காயம்தானே, பழக்கத்தில் வாயில் வந்திருக்கும். அத்தரும்கூட மறதிதான். இப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தும் மனசு அடங்கவில்லை. அவர்கள் திரும்பி வந்ததும் நான் செய்தது நல்ல காரியம் இல்லை. என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில், ஸ்டவ்வைத் துடைக்கிற துணியில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கையைத் துடைச்சிக்கோங்க என்று பாயிடம் நீட்டினேன். அவர் கையைத் துடைத்தார். அதே துணியால் முகத்தையும் துடைத்துக்கொண்டு, மடித்து என்னிடம் கொடுத்தார்.

என் முகம் எப்படி இருந்ததோ, "இன்னா அண்ணி?" என்றார். துணியில் மண்ணெண்ணெய் என்றேன். அவர் துணியைத் திரும்ப வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். மறுபடி மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்களாண்ட மறைக்க இன்னா கீது. ஒரு வருசமா எனக்கு ஒண்ணும் தெர்ல அண்ணி. அண்ணனாண்ட சொல்லிடாதீங்க. அவரு பக்கத்துல கீறாருன்ற தைரியத்துலதான் உள்ள போறேன். அவரு நவுந்தா நானும் நவுந்துடுவேன்."

அதே வார்த்தை. உள்ளே போய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, ரெண்டு நாளைக்குக் கஷாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இருமல் இருந்ததாம்.

என் வீட்டுக்காரரிடம் மறைக்க எனக்குத் தெரியாது. தலை துவட்டிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாளைக்கே கேட்டில் போய் நின்று சொல்லிவிடுவேன் என்று கத்தினேன்.

"சொல்லு. எனக்கு வேல போனா நீயும் நானும்தான். பாய்க்கு மூணு பொண்ணு. அவனுக்கும் சேத்துதான் நீ சொல்லணும், சொல்லுவியா?"

என் வீட்டு அடுப்பை அணைக்க எனக்கு உரிமை இருந்தது. அடுத்த வீட்டு அடுப்பை எப்படி அணைப்பேன் என்று தெரியவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அவனாண்ட என் மூக்க பத்தி சொல்லிடாத. என்ன நம்பிதான் நிக்கிறான். தெரிஞ்சா காலு பின்னும், அங்க காலு பின்னக்கூடாது" என்றார்.

திங்கட்கிழமை காலை டிபன் கேரியர் கட்டினேன். பாய்க்குக் கஷாயமும் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்தேன். பெருங்காய டப்பாவை மட்டும் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வழக்கம்போலத் தெருமுனையில் திரும்பிக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. சோதனைச் சங்கு என்று எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டில் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, எண்ணூர் பக்கம் திரும்பி நின்று, காற்றை முகர்ந்து பார்த்தேன்.