மெர்ல் சோர்லி ஓட்டிய கார் எது?

லைல் ஹாக்கடே பேக்கர்ஸ்ஃபீல்டில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தே வாழ்நாளை ஓட்டியவர். ஓய்வு நேரம் முழுக்க ஒரே ஒரு பழைய ஃபோர்டு ரோட்ஸ்டருக்கு. கூரை இல்லை, மட்கார்டு இல்லை. மெர்ல் சோர்லி என்ற மனிதர் 1949-இல் கார்ப் பந்தயம் நடக்கும் எல் மிராஜ் வறண்ட ஏரியில் சீறவிட்டு எல்லாரையும் வாய் பிளக்க வைத்த ஹாட் ராட், வேகத்துக்காகவே மாற்றிக் கட்டிய கார் அது. “கல்யாண நாள் மறந்துடும் இந்த ஆளுக்கு. அந்தத் தகரத்துல ஒரு போல்ட்டு மறக்காது” என்பாள் மனைவி ஐலீன். அவளுக்கும் வாய் வலித்துவிட்டது. இவர் கேட்டால்தானே?

இன்று காலை பழைய பந்தயக் கார்களின் விழாவுக்காக அதே ஏரியில் டிரெய்லரிலிருந்து காரை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்துக் கூடாரத்தில் இன்னொரு மெர்ல் சோர்லி கார்! அதே கறுப்பு, கதவில் அதே எண். லைலுக்குத் தலை கிறுகிறுத்தது.

அதன் சொந்தக்காரர் ஆரின் டீக், ஃப்ரெஸ்னோக்காரர், பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

“யோவ், நகல் எடுத்தா இப்படித்தான்யா எடுக்கணும்.”

“எதுய்யா நகல்? மெர்லோட பாடி இது.”

“யார் சொன்னா? வித்தவன்தானே? கீழ குனிஞ்சு என் சேஸைப் பாரு. மெர்ல் வெச்ச வெல்டு.”

லைல் புழுதியில் படுத்துப் பார்த்தார். பழைய போட்டோக்களில் இருந்த அதே கோணல் வெல்டு. அடப்பாவி, சேஸ், அந்த அடிச்சட்டம், நிஜம்! அந்தக் காலத்தில் பாடி ஒருவனுக்கு, சேஸ் ஒருவனுக்கு என்று பிரித்து விற்றுத் தொலைத்திருக்கிறார்கள். அப்படியானால் மெர்லுடைய பாடி யாரிடம்? அதுவும் டீக்கிடம்தான் என்றால், லைல் இத்தனை காலம் யாருடைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்?

நல்லவேளை, மறைந்த மெர்லுடைய மனைவி வாண்டாவைப் பந்தயச் சங்கத்துக்காரர்கள் அழைத்து வந்திருந்தார்கள். லைல் ஓடிப்போய்த் தன் காரின் கதவைத் திறந்தார்.

“உக்காந்து பாருங்கம்மா. தெரியுதா?”

“எனக்கெப்படிப்பா தெரியும்? அந்த மனுஷன் என்னை ஒரு தடவையாவது ஏத்தினானா? இதெல்லாம் தானா கிளம்புற வண்டியா? நான்தான் டிரக்குல பின்னாடி வந்து தள்ளிவிடுவேன். அவன் காரோட முதுகுதான் எனக்குத் தெரியும்.”

அந்த அம்மா இரண்டு கார்களின் பின்பக்கத்தையும் தடவிப் பார்த்தார். டீக்கின் காரில் உதட்டைப் பிதுக்கினார். லைலின் காரிலும் பிதுக்கினார்.

“நான் இடிச்சு நசுங்கின டொக்கு எங்க? இடது பக்கம், தட்டு அளவுக்கு. அன்னிக்கு மெர்ல் கத்தின கத்து இருக்கே! அப்புறம் அவனே அதை எடுக்க விடல.”

லைல் தன் காரின் புதுத் தகட்டைத் தொட்டுக் காட்டினார்.

“இருந்துச்சும்மா! துரு புடிச்சிருந்துச்சேன்னு வெட்டி எடுத்துட்டேன். புதுத் தகடு வெச்சேன்.”

டீக் விழுந்து விழுந்து சிரித்தார். “நல்லா விடுறய்யா கதை! என் கார்லயும்தான் இருந்துச்சு.”

லைல் குனிந்து பின்பக்கத்தை மறுபடி பார்த்தார். டொக்கு இருந்தது உண்மை. ஆனால் இடது பக்கமா? வெட்டியது இரண்டு பக்கமும் அல்லவா? அந்த அம்மா சொல்லும் முன்பே நினைவிருந்ததா, சொன்ன பிறகு அப்படித் தோன்றுகிறதா? வெட்டிய தகடோ பழைய இரும்போடு எப்போதோ போய்விட்டது. தன் கையாலேயே! அவருக்குத் தன் மீதே ஆத்திரமாக வந்தது.

வாண்டா அவர் முகத்தையே பார்த்தார்.

“உன் டிரக் சாவியைக் குடு.”

“நீங்களா ஓட்டப்போறீங்க?”

“பின்ன உங்கப்பனா? போய் உக்காரு.”

லைல் தன் ரோட்ஸ்டரில் ஏறி கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரக் பின்னால் வரும் சத்தம் கேட்டது. மெதுவாக வந்து ஒட்ட வேண்டிய பம்பர் படாரென்று இடித்தது. தகடு நசுங்கியது அவருக்கு முதுகெலும்பில் தெரிந்தது. வேண்டுமென்றே இடித்தாரா, வயதான கை தவறியதா? கார் உருண்டது, வேகம் பிடித்தது. கிளட்சை விட்டார். எஞ்சின் பற்றிக்கொண்டு உறுமியது.

பின்னால் வாண்டா ஹாரனை அடித்துக்கொண்டு கத்தினார்: “மிதி மெர்ல், மிதி!”

யாரைச் சொல்கிறார் என்று லைலுக்குப் புரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மிதித்தார்.