முக்காட்டுக்குள் ஒரு ஹெட்செட்

இந்த நாட்டில் வானத்தில் விமானம் போனால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. வந்த புதிதில் குளிரைவிட எனக்கு இதுதான் விசித்திரமாக இருந்தது. வினிபெக் நகரத்துக் கடை வாசலில், தள்ளுவண்டியில் பாலும் பாணும் வைத்துக்கொண்டு, நான் மட்டும் கழுத்தை வளைத்து நிற்பேன். ஒரு இயந்திரமா இரண்டா, ஏறுகிறதா இறங்குகிறதா, நம்மைத் தாண்டிப் போய்விடுமா என்று காது கணக்குப் பார்த்து முடித்த பிறகுதான் கால் நகரும். ஒரு நாள் முதியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, தானும் மேலே பார்த்துவிட்டு, பறவை பார்க்கிறாயா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அவர் சந்தோஷப்பட்டு, தெற்கே போகும் வாத்துகளைப் பற்றி நெடுநேரம் விளக்கினார். எங்கள் ஊரில் அண்ணாந்து பார்ப்பதற்கு வாத்து காரணமில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் தீவின் கிழக்குக் கரையில், கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதில், கடற்கரை வீதியில் பிறந்தவள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்தேன். இங்கே சிறிய விமானங்களின் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. மேசையில் இருந்து கருவியைத் திருத்துகிறவளுக்கு, அந்தக் கருவி பறக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்று சொல்லித்தான் பறக்கும் சங்கத்தில் சேர்ந்தேன். அது பாதிக் காரணம். மீதிக் காரணம், பிறந்ததிலிருந்து நான் அந்தச் சத்தத்துக்குக் கீழே இருந்தவள். ஒரு தடவையாவது அது புறப்படும் இடத்தில் நான் உட்கார வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லாமல், தனியாக.

அதற்குத்தான் முட்டுக்கட்டை வந்தது. சங்கத்தின் இரண்டு இருக்கை விமானத்தில், சத்தத்தைத் தாங்கிக்கொண்டு பேசவும் கேட்கவும் ஆளுக்கொரு ஹெட்செட் மாட்ட வேண்டும். தடித்த இரண்டு கிண்ணங்கள் காதை இறுக்கி மூடும். உதட்டுக்கு முன்னால் ஒலிவாங்கி வரும். என் முக்காட்டுக்கு மேலே அதை மாட்டினால், துணி மடிப்புகளின் இடைவெளியால் இயந்திரத்தின் இரைச்சல் முழுவதும் உள்ளே வந்துவிடும். கட்டுப்பாட்டுக் கோபுரம் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை நடந்தது, மறுபடியும் நடந்தது. என் பயிற்சியாளர் டக், நரைத்த மீசைக்காரர், குரலை உயர்த்தாமல் சொன்னார்: கோபுரத்துக்குப் பதில் சொல்லாத ஆளை நான் தனியாக மேலே விடமாட்டேன். பனி தொடங்கினால் அந்த விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவார்கள். அதற்குள் எனக்குக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் இல்லை.

எனக்கு எதையும் பட்டியலிட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. சாதாரண ஹெட்செட்: விலை குறைவு, பற்றரி வேண்டாம், ஆனால் அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும், துணி நடுவில் வந்தால் முடிந்தது. காதுக்குள் செருகும் வகை: பாரமே இல்லை, முக்காட்டுக்குள் வசதி. ஆனால் காதுக்குள் எதையும் திணித்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அதற்கு மட்டும் காரணம் எழுதாமல் கோடு போட்டேன். மூன்றாவது, இரைச்சலை அழிக்கும் வகை. கிண்ணத்துக்குள் இருக்கும் சின்ன ஒலிவாங்கி உள்ளே வரும் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி அதன்மேலே போடும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். முக்கியமாக அடித்தொண்டை உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகளை. மனிதக் குரல் தப்பிவிடும். எனக்கு வேண்டியது அதுதான். ஏனென்று சொல்கிறேன்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றேன். ரீவியில் படம் தெளிவில்லை என்று ராத்தா, அதாவது என் அக்கா, கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தாள். நான் அன்டெனாக் கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் அங்கால திருப்பு. ஐயோ, போயிட்டு! இஞ்சினியருக்குப் படிக்கிறியாம், ஒரு கம்பியத் திருப்பத் தெரியாது!"

அப்போது அந்தச் சத்தம் வந்தது. தாழ்ந்த, நீண்ட உறுமல். அது யுத்த நிறுத்தம் இருந்த சமாதானக் காலம்தான். ஆனால் காதுக்குச் சமாதானம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே. எங்கள் வீதியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: அண்ணாந்து பார்த்தார்கள். கடலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்கள். பிறகு, வருடக்கணக்காகப் பழகியபடி வீட்டுக்குள் ஓடினார்கள். "பிளேன் வருது, உள்ளுக்குப் போங்க, கட்டிலுக்குக் கீழ படுங்க!" என்று வாப்பா கத்தியது எனக்குக் கேட்டது. நான் மேலே நின்றதால் வானம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். பிறகு கடலைப் பார்த்தேன். நான் கத்தியது கீழே போய்ச் சேரவில்லை. உம்மா சந்தைக்குப் போயிருந்தார். வாப்பாவும் ராத்தாவும் குண்டுக்குப் பயந்து படுத்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது.

இதை நான் அனுதாபத்துக்காக எழுதவில்லை. அனுதாபம் இங்கே வேண்டிய அளவு கிடைக்கிறது. எந்த நாடு என்று கேட்பார்கள், சொன்னதும் முகத்தைச் சாய்த்துக்கொண்டு, ஓ, சுனாமி, என்பார்கள். அதற்குப் பிறகு நான் தேநீருக்கு எவ்வளவு சீனி போடுகிறேன் என்பதுகூட அவர்களுக்குச் சுனாமியாகத்தான் தெரியும். நான் எழுதுவது ஒரு தொழில்நுட்பக் காரணம். யுத்தம் எங்கள் காதுகளுக்குப் பாடம் நடத்தியது. பாடம் சரிதான், பரீட்சை வேறாக வந்தது. ஆகவே காதை நம்பு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

டக் அதைத்தான் சொன்னார். அவர் மாட்டுவது பழைய, பச்சை நிறச் சாதாரண ஹெட்செட். இயந்திரத்தைக் காதால் கேட்க வேண்டும், அதற்கு ஏதாவது நடந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும், இரைச்சலை அழித்துவிட்டால் நீ செவிடி என்றார். செவிடியாக மாட்டேன், மாற்றம் வந்தால் அது கேட்கும், ஓயாத உறுமல்தான் போகும் என்றேன். அளவு காட்டும் மானிகள் இருக்கின்றன, கண்ணாடி இருக்கிறது, எனக்கு இரண்டு கண் இருக்கின்றன என்றும் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். பிறகு மிகவும் தயங்கி, மேலே யாரும் பார்க்கப் போவதில்லையே, பறக்கும் நேரத்துக்கு மட்டும் முக்காட்டைக் கழற்றலாமே என்றார். கெட்ட எண்ணமில்லை அவருக்கு. ஆனால் யாரும் பார்க்காவிட்டால் கழற்றலாம் என்றால், யாரோ பார்ப்பதற்காகத்தான் நான் அணிகிறேன் என்றாகிவிடும். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். நீங்கள் ஏன் மீசை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அன்றைய பாடம் சீக்கிரம் முடிந்தது.

ஹெட்செட் வாங்கப் போன வாரம்தான் ஊரில் யுத்தம் முடிந்தது. விமானிகளுக்கான பொருள்கள் விற்கும் கடையில் இருந்த இளைஞன் என் அடையாள அட்டையில் பிறந்த நாட்டைப் பார்த்துவிட்டு, வாழ்த்துகள் என்று கை நீட்டினான். எனக்குப் புரியவில்லை. செய்தியில் பார்த்தேன், உங்கள் யுத்தம் முடிந்துவிட்டதாமே என்றான். யாருடைய யுத்தம், யாருக்கு முடிந்தது, வாழ்த்தை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? இரைச்சலை அழிக்கும் ஹெட்செட்டின் பெட்டியைக் காட்டி, "இது முக்காட்டோடு பொருந்துமா?" என்று கேட்டேன். அவனுக்கும் புரியவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து, இதைப் போட்டால் பூரண அமைதி, உனக்கு அது தேவைப்படும் என்று மெதுவாகச் சொன்னான். எனக்கு அமைதி தேவையில்லை, கோபுரம் பேசுவது கேட்டால் போதும் என்றேன். வாங்கினேன். முக்காட்டுக்கு மேலே மாட்டிப் பறந்தபோது நான் பயந்ததே நடந்தது. துணி இடைவெளியால் எதிர் அலையின் கணக்குத் தவறி, கிண்ணத்துக்குள் டப் டப் என்று வெடிச் சத்தம் கேட்டது.

அன்று பின்னேரம் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் அப்போது விடிந்திருந்தது. பின்னால் பாத்திரச் சத்தம்.

"சண்ட முடிஞ்சிட்டாம் மகள். சந்தியில பட்டாசு கொளுத்தினானுகள். நான் கட்டிலுக்குக் கீழ போயிட்டன்" என்று சொல்லிச் சிரித்தார்.

"பட்டாசுக்கா?"

"பட்டாசெண்டு பொறகுதானே தெரிஞ்சிச்சி. பக்கத்து வீட்டு ஹாஜியாரும் படுத்துத்தான் கிடந்தாராம். முடிஞ்ச சத்தத்துக்கும் படுக்கத்தான் வெச்சிரிக்கான் அல்லாஹ். அங்கால தமிழ் ஆக்கள்ற ஊருல கதவே தொறக்கல்லயாம். மரக்கறி கொண்டுவாற பொண்டுகள் ஒருத்தியும் வரல்ல. மனசுக்குச் சரியில்ல. அது கிடக்கட்டும், ஒன்ட பிளேன் என்ன மாதிரி?"

தமிழ் பேசினாலும் முஸ்லிம்களான நாங்கள், பக்கத்து ஊர் இந்துக்களைத்தான் தமிழ் ஆக்கள் என்போம். ஹெட்செட் கதையைச் சொன்னேன். டக் சொன்னதையும் சொன்னேன். உம்மா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தது பிழை.

"அந்த மனிசன் சொல்றது சரிதானேகா. ஆகாசத்துல ஆரு ஒன்னப் பாக்கப் போறா? கழட்டி வெச்சிட்டு ஓட்டிட்டு வாவன்."

"நீங்களுமா உம்மா?"

"எனக்கு நீ உசிரோட இறங்கணும். அவ்வளவுதான்."

"இறங்குவன். போட்டுக்கிட்டே இறங்குவன்."

"வாப்பாட புடிவாதம் அப்பிடியே வந்திரிக்கி" என்றார். தண்ணீர் ஊற்றும் சத்தம், கத்தி உரசும் சத்தம்.

"உம்மா, என்ன செய்யிறீங்க?"

"மீன் வெட்டுறன்."

"கையில போன் இல்லையா?"

"ரெண்டு கையும் மீன் செதில். போன முக்காட்டுக்குள்ள சொருகித்தானே கதைக்கிறன். இஞ்ச எல்லாப் பொண்டுகளும் இப்பிடித்தான். ஒனக்குத் தெரியாதா? நீயும் சைக்கிள்ல இப்பிடித்தானே போவாய்?"

தெரியும். கல்முனைப் பக்கம் போனை இப்படிச் சொருகாத பெண் யார்? சோறு வடிக்கும்போது, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, ஸ்கூட்டியில் போகும்போது கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே போன் இருக்கும். எவ்வளவு சத்தத்திலும் கேட்கும். படித்த எனக்கும், பறக்கும் டக்குக்கும், விற்கும் இளைஞனுக்கும் ஒரே பிழை: ஹெட்செட் மேலே, முக்காடு கீழே என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அடுத்த வார இறுதியில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். தலைமுடியை மூடும் மெல்லிய உள்தொப்பி, காது இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமான திறப்பு. அதன்மேல் ஹெட்செட், கிண்ணம் நேராகத் தோலில் படும்படி. எல்லாவற்றுக்கும் மேலே முக்காடு. ஊசிகள் இல்லை, கழன்று விழுந்து மிதிகட்டைக்குள் சிக்கினால் ஆபத்து என்பதால் நாடா முடிச்சு. பக்கப் பார்வையை மறைக்காத அகலம். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் புடைத்து, பலாப்பழத்தைத் துணியில் சுற்றியதுபோல இருந்தேன். இருக்கட்டும்.

டக் என்னைச் சுற்றி நடந்து பார்த்தார். தீப்பிடித்தால் எப்படி வெளியே குதிப்பாய் என்றார். நியாயமான கேள்வி. நிறுத்தி வைத்த விமானத்தில் ஏறி, பட்டியைக் கழற்றி, ஒரே இழுப்பில் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு குதித்துக் காட்டினேன். இன்னொரு தடவை என்றார். காட்டினேன். பிறகு இருவரும் மேலே போனோம். ஹெட்செட்டின் ஆளியை, அந்தச் சின்னச் சுவிட்சை, தட்டியதும் அந்த உறுமல் துடைத்தெடுத்ததுபோல் போனது. கோபுரத்தின் பெண் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் சொன்னேன். இறங்கிய பிறகு டக் ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டு, தன் பழைய பச்சை ஹெட்செட்டில் பாதிதான் கேட்டது, கோபுரத்துப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

கோடை முழுவதும் மீதிப் பாடங்களை முடித்த பிறகு, செப்டெம்பர் முடிவில், வயல்கள் அறுவடை முடிந்து மஞ்சளாகக் கிடந்த ஒரு காலை, ஓடுபாதை ஓரத்தில் டக் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார். போய் ஒரு சுற்றுச் சுற்றி வா என்றார். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. பாரம் குறைந்ததால் விமானம் நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக எழும்பியது. கீழே கடல் இல்லை, நிலம்தான், கண்ணுக்கெட்டிய மட்டும் நிலம். ஆனாலும் திரும்பும்போது நான் முதலில் அடிவானத்தைப் பார்த்தேன். அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கோபுரம் கூப்பிட்டது. பதில் சொன்னேன். இறங்கினேன்.

கொட்டகை வாசலில் சங்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, நிறையத் தண்ணீரோடு ஒரு வாளி இருந்தது. முதன்முறை தனியாகப் பறந்து இறங்குகிறவரின் தலையில் தண்ணீர் ஊற்றுவது இங்கே வழக்கம். மற்றவர்களுக்கு ஊற்றியதை நானே பார்த்திருக்கிறேன். டக் வாளிக்கு முன்னால் போய் அதை மறைத்துக்கொண்டு நின்றார். உனக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தோம், உன் நாட்டில் நடந்ததற்குப் பிறகு தண்ணீர் என்றால், என்று இழுத்தார். எல்லோர் முகமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சாய்வு.

"எல்லோருக்கும் ஊற்றுவீர்களா?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அப்படியென்றால் எனக்கும் ஊற்றுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள், ஹெட்செட் விலை கூடினது."

பெண்கள் அறைக்குள் போய், முடிச்சை அவிழ்த்து, ஹெட்செட்டை எடுத்து உறையில் பத்திரமாக வைத்து, முக்காட்டை மறுபடி கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாளிக்கு முன்னால் போய் நின்றேன். டக் இன்னும் தயங்கினார். ஊற்றுங்கள் டக், எனக்குக் குளிருது என்றேன். ஊற்றினார். பனிக்கட்டி ஆவதற்கு ஒரு முழம் இப்பால் இருந்த குளிர்த் தண்ணீர் தலையில் விழுந்து, துணியை ஒட்டவைத்து, முகத்தில் வழிந்தது. எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். கண்களை மூடவில்லை.

தண்ணீர் உதட்டுக்கு வந்தபோது, என்னைக் கேட்காமலே நாக்கு வெளியே வந்து உப்பைத் தேடியது. உப்பு இல்லை. இந்த நாட்டுத் தண்ணீரில் எந்த ருசியும் இல்லை. நான் இன்னொரு தடவை நக்கிப் பார்த்தேன்.