மூச்சு விட்ட யானை

மூன்று வயதில் அம்மை வார்த்து எழுந்தபோது என் மகளுக்குக் கண்பார்வை போயிருந்தது. அப்போது ராஜபாளையத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்தார். ஒரு வருஷம் அழுதேன். அவளோ அழவில்லை. அரிசிப்பானை, ஆட்டுக்கல், அப்பாவின் மீசை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தடவி, ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வளர்ந்தாள்.

ஒருநாள், "தேருன்னா எப்படிம்மா இருக்கும்?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய சாக்கை வெட்டி விரித்து, மில்லிலிருந்து வந்த கழிவு நூலைத் தடிமனாகத் திரித்து, சக்கரமும் வடமும் தட்டுத் தட்டாகக் கோபுரமும் வைத்துத் தைத்துச் சுவரில் மாட்டினேன். அவள் சக்கரத்தில் தொடங்கி மேலே தடவிக்கொண்டே போனாள். கடைசியில் கட்டில்மேல் ஏறி நின்று உச்சியைத் தொட்டு, "எம்புட்டு உசரம்!" என்றாள்.

அன்று பிடித்த கோணி ஊசியை நான் கீழே வைக்கவில்லை. மீன் தைத்தேன், மாட்டுவண்டி தைத்தேன். யானையும் தைத்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

என் தாய்வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே போயிருந்தபோது ரதவீதியில் கோயில் யானை வந்தது. நான் பாகனிடம் கேட்டேன்.

"இவளுக்குக் கண்ணு தெரியாது. செத்த நேரம் தொட்டுப் பாக்கட்டுமா?"

"தாராளமா தொடட்டும் தாயி. இது பச்சப்புள்ள மாதிரி."

அவள் கால், வயிறு, காது என்று எட்டியதையெல்லாம் தடவினாள். யானை துதிக்கையை நீட்டி அவள் கழுத்தில் ஊதியது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் நான் தைத்த யானையைத் தேடி எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"இது யானை இல்லம்மா. பூனை."

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"யானைக்கு மேலெல்லாம் முள்ளு முள்ளா முடி இருக்கு. தோலு புளியமரம் மாதிரி இருக்கு. பொறவு, அது மூச்சு விடும். மூச்சையும் தைச்சிரும்மா."

பிரித்துப்போட்டு மறுபடி தொடங்கினேன். சாக்கைச் சுருக்கிச் சுருக்கித் தைத்ததில் தோல் வந்துவிட்டது. தேங்காய் நாரைக் கத்தரித்துச் செருகியதில் முடியும் வந்தது. மூச்சுக்கு என்ன செய்வது? வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"மூச்சுதான? நான் விடுதேன்" என்றார்.

துதிக்கையைத் துணிக்குழாயாகத் தைத்து, சாக்கை நடுவீட்டுக் கொடியில் தொங்கவிட்டேன். அவர் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, பப்பாளி இலைத் தண்டை அதற்குள் நுழைத்து ஊதினார். அவள் கழுத்தை நீட்டிக்கொண்டே நின்றாள். "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று அவள் கேட்கக் கேட்க ஊதி மனிதருக்கு மூச்சு வாங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அக்கா, என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் 'பாவம்' என்று உச்சுக்கொட்டுகிறவர். சத்தம் கேட்டு வந்தவர், தானும் கண்ணை மூடிக்கொண்டு துதிக்கைக்கு முன்னால் கழுத்தைக் காட்டினார். அதன்பிறகு அந்தப் 'பாவம்' அவர் வாயில் வரவில்லை.

சேதி எங்கள் வேதக்கோயில் வரைக்கும் போய், கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு சாக்குப்படம் வேண்டுமென்று சாமியார் கேட்டார். ஆடு, கழுதை, வைக்கோலில் குழந்தை எல்லாம் தைத்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் மாட்டினார்கள். என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தவர்களையெல்லாம் அதட்டினாள்.

"கண்ண மூடுங்க. மெதுவா தடவுங்க. ஆடு தூங்குது, எழுப்பிராதீங்க."

பெரிய பெரிய மனிதர்களெல்லாம் கண்ணை மூடி வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவளே ஊசி கேட்டாள். விரலைக் குத்திக்கொள்வாளோ என்று பயந்தபடியே கொடுத்தேன். குத்திக்கொள்ளவும் செய்தாள். ஆனாலும் விடவில்லை. பல நாள் கழித்து ஒரு சாக்குத்துண்டை என் மடியில் போட்டாள். முழுக்க முடிச்சுகள்.

"என்னதுட்டி இது?"

"கண்ண மூடிட்டுத் தொடு."

தொட்டேன். ஓரத்தில் ஒன்றிரண்டு முடிச்சுகள். கை நகர நகர நெருங்கி, நடுவில் இடமே இல்லாமல் அடர்ந்திருந்தன.

"மழை" என்றேன்.

"மலைப் பக்கமிருந்து வருது" என்று சொல்லிவிட்டு, அடுத்த சாக்குத்துண்டைத் தேடப் போனாள்.