சாரத்தைப் பிடித்த கை

நாரந்தனையில் நத்தை வான் எது என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள். அதை ஓட்டுகிற நத்தை நான்தான். பேர் விநாயகமூர்த்தி, வயது ஐம்பத்துமூன்று. படிப்பு ஏழாம் வகுப்பு. அதையும் முழுதாக இருந்து படித்தேன் என்று சொல்ல ஏலாது. பதினெட்டு வருசமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். வேக முள்ளு முப்பதைத் தாண்டினதில்லை. மாடு குறுக்கே வந்தால் நிற்பேன். வரலாமா என்று மாடு யோசித்தாலும் நிற்பேன். வேகமாய்ப் போகிற பொடியளைக் கண்ணாடியை இறக்கி வாயில் வந்ததெல்லாம் பேசியிருக்கிறேன். "மூர்த்தி அண்ணையின்ர வானெண்டால் பயமில்லை" என்று தாய்மார் சொல்லுவினம். எனக்கென்று இருந்த மரியாதை அந்த ஒரு வசனம்தான். அதைக் கொண்டுபோய்க் கடலுக்குள் போட்ட கதை இது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வளவு தள்ளி ஐயாத்துரை அண்ணையின் வீடு. ஆள் கனடாவில், வீட்டுத் திறப்பு என்னிடம். அவருடைய தகப்பன் மாத்தளையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். ஐயாத்துரை அண்ணை கடையில் இருக்கவேண்டிய நேரத்தில் மோட்டச்சைக்கிள் றேஸ் ஓடித் திரிந்திருக்கிறார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்துபோக, றேஸ் வண்டி மட்டும் பின்வளவுச் சிங்களக் குடும்பத்தின் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் தப்பியது. அந்தச் சனம் நாற்பது வருசம் பொத்தி வைத்திருந்து, போன வருசம் லொறியில் ஏற்றி எங்கள் வளவுக்கு அனுப்பிவிட்டது.

எழுபத்துநாலாம் ஆண்டு யப்பான் வண்டி. இருநூற்றைம்பது சிசி, ரெண்டு சிலிண்டர், ரூ ஸ்ரோக். லொறியிலிருந்து இறக்கினபோது என் மனிசி நாகபூசணி சுற்றிவரப் பார்த்தாள்.

"லைற் இல்லை, கோண் இல்லை, நிப்பாட்டிற கால் இல்லை, திறப்புப் போட ஓட்டையுமில்லை. உங்களுக்கும் மூளை இல்லை. நல்ல பொருத்தம்தான்."

ஆனியில் ஐயாத்துரை அண்ணை போன் எடுத்தார்.

"மூர்த்தி, ஆவணியில வாறன். எனக்கு எழுபத்தைஞ்சு வயசு முடியுது. சாகமுன்னம் ஒருக்கா அதின்ர சத்தத்தைக் கேக்கவேணும். நீர் எழுப்பி வையும். ஆனால் ஓடாதையும்."

"அண்ணை, உதைக்கிற கட்டை இல்லாத வண்டி. தள்ளிக்கொண்டு ஓடிப் பாய்ஞ்சு ஏறினால்தான் ஸ்ரார்ட் வரும். ஓடாமல் எப்பிடி எழுப்பிறது?"

"அப்ப பத்து யார் தூரம் மட்டும் ஓடும்."

பிறகு பாடம் தொடங்கினார். ரூ ஸ்ரோக்குக்கு ஒயில் தனியே இல்லை, பெற்றோலோடு கலந்துதான் விடவேண்டும். "இருபது போத்தல் பெற்றோலுக்கு ஒரு போத்தல் ஒயில். குறைச்சீரோ, பிஸ்ரன் இறுகிப் பின்சில்லு பூட்டுப் போட்ட மாதிரி நிண்டிடும். அதால இடக்கை ரெண்டு விரல் எப்பவும் கிளச்சில இருக்கட்டும். இறுகின உடன பிடிச்சீரெண்டால் சில்லு உருளும், தப்பியிடுவீர். அந்த ரெண்டு விரல்தான் உயிர். விளங்குதோ?"

"ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றேன். அவர் சொன்னதில் பாதியைக் கேட்கவில்லை. எனக்கே ரூ ஸ்ரோக் படிப்பிக்கிறாரா என்ற எரிச்சல்.

காரணம் இருக்கிறது. தொண்ணூறுச் சண்டையில் எங்கள் தீவை விட்டு ஓடி மானிப்பாயில் இருந்த காலம், பொருளாதாரத் தடையால் பெற்றோலைக் கண்ணிலும் காண ஏலாது. நான் ஒரு சின்ன ரூ ஸ்ரோக் வண்டியை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். ஒயிலுக்குப் பதில் தேங்காயெண்ணெய், போத்தலுக்கு ஒரு மூடி. அதுவும் மூடியை முழுக்க நிரப்பாமல். ஐந்து வருசம் ஓடியது, ஒருநாளும் இறுகவில்லை. எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் இந்தத் திமிர் உண்டு. கொம்பனிக்காரன் சொன்ன அளவில் பாதி போதும், மிச்சம் வீண் என்போம். அந்த வண்டி மணிக்கு இருபது மைல் போனதில்லை என்பதை நான் நினைக்கவில்லை. ஐயாத்துரை அண்ணையின் வண்டிக்கு நல்ல ஒயில்தான் வாங்கினேன். விட்டது போத்தலுக்கு ஒரு மூடி.

முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் தள்ளினேன். வண்டியைத் தள்ளினது கை, முன்னே ஓடினது வண்டி, அதற்கு முன்னே ஓடினது என் வயிறு. மூன்று தரம் பாய்ந்து ஏறி மூன்று தரமும் சும்மா இருந்தேன். நாலாம் தரம் அது இருமியது. பிறகு கத்தியது. கோழியெல்லாம் மதிலுக்கு மேலே. ஒழுங்கை முழுக்க நீலப் புகை, அந்த எரிந்த ஒயில் மணம். இருபத்தைந்து வயதுக்குப் பிறகு நான் மணக்காத மணம்.

பத்து யார் எங்கே முடிந்ததென்று எனக்குத் தெரியாது. இந்த வண்டியின் குணம் என்னவென்றால், எஞ்சின் ஆறாயிரம் சுற்றுச் சுற்றும்வரை சளி பிடித்த ஆடு மாதிரிக் கிடக்கும். ஆறாயிரத்தில் யாரோ பிடரியில் உதைத்த மாதிரிப் பாயும். இடையில் ஒன்றுமில்லை. பாய்கிறபோது கண் கலங்கும், பனைகள் ஒன்றோடொன்று ஒட்டி வேலியாகிவிடும். வான் இல்லை, முழங்கால் நோவு இல்லை, ஐம்பத்துமூன்றும் இல்லை. திரும்பி வந்தபோது என் பல்லெல்லாம் வெளியே நின்றது.

"என்ன, முகத்தில பூச்சி ஒட்டியிருக்கு?" என்றாள் நாகபூசணி. "பத்து யார் எண்டனியள்?"

திங்கட்கிழமை வானை எடுத்தால் தேர் இழுக்கிற மாதிரி இருந்தது.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா லீவு நாள் காலை, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நண்டு வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே கடலை ஊடறுத்துப் போகிற நேர் றோட்டு என் மனதில் கிடந்தது. நண்டு வாங்கப் போகிறவன் காற்சட்டை போட்டால் நாகபூசணி பிடித்துவிடுவாள். ஆனபடியால் இடுப்பில் கட்டின சாரத்தோடு, கையில் பையோடு வெளிக்கிட்டேன். சத்தம் கேட்காமல் சந்திவரைக்கும் வண்டியைத் தள்ளினேன். இவ்வளவு மூளையைப் பள்ளிக்கூடத்தில் செலவழித்திருந்தால் எட்டாம் வகுப்பும் பாஸ் பண்ணியிருப்பேன்.

றோட்டு வெறுமையாய்க் கிடந்தது. ரெண்டு பக்கமும் முழங்காலளவு கடல். முறுக்கினேன். ஆறாயிரம். பிடரியில் உதை. முள்ளு எங்கே நின்றது என்று சொல்ல மாட்டேன், தாய்மார் வாசிப்பினம்.

அப்போதுதான் எதிரே பஸ் வந்தது. நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுத் திரும்புகிற சனம், முழுக்கப் பெண்டுகள். நல்லகாலம், வேகத்தைக் குறைத்தேன். குறைத்ததில் கூடாதகாலமும் இருந்தது. முறுக்கை விட்டதும் பெற்றோல் குறைந்தது, அதோடு சேர்ந்து வந்த கொஞ்ச ஒயிலும் நின்றது. அதே நேரம் கடற்காற்று சாரத்துக்குள் புகுந்து குடை மாதிரி விரித்தது. பஸ் நிறையப் பெண்டுகள். என் இடக்கை என்னைக் கேட்கவில்லை. கிளச்சில் இருந்த ரெண்டு விரலோடும் எழும்பிப் போய்ச் சாரத்தைப் பிடித்தது.

பிஸ்ரன் இறுகியது.

பின்சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. வண்டி றோட்டோரம் சறுக்கிப் படுத்தது. நான் கல்லில் தோளை இடித்துக் கடலுக்குள் போய் இருந்தேன். சாரம் ஹாண்டிலில் கொடி மாதிரிப் பறந்தது. உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டிருந்தது அம்மன் புண்ணியம்.

பஸ் நின்றது, யன்னல் எல்லாம் தலை.

"ஐயோ, ஆரோ றேஸ் ஓடிற பொடியன் விழுந்திட்டான்!"

"பொடியனோ? மொட்டைத் தலையடி, வடிவாப் பார்!"

"எடியே, இது எங்கட நத்தை அண்ணை!"

கடைசிக் குரல் பிரியவதனி ரீச்சருடையது. அவவின் ரெண்டு பிள்ளைகளும் என் வானில்தான் வருகிறார்கள். இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடலுக்குள் இருந்த என்னைப் பார்த்தா. நான் "ரீச்சர், நண்டு…" என்றேன்.

காறை எலும்பு முறிந்தது. ஆறு கிழமை வான் முற்றத்தில் நின்றது. ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் நாள் ரீச்சரும் இன்னும் நாலு தாய்மாரும் வந்து கதிரைகளில் இருந்தார்கள். தேத்தண்ணியை ஒருத்தரும் தொடவில்லை.

"அண்ணை, முப்பதில போற ஆளெண்டு நம்பித்தான் பிள்ளையளை விட்டனாங்கள். இனி எப்பிடி விடுறது?"

"வானில நான் ஒருநாளும்…"

"என்னட்டையும் பத்து யார் எண்டு சொல்லித்தான் போனவர்" என்று குசினிக்குள் இருந்து நாகபூசணியின் சாட்சி வந்தது.

"அந்த வண்டித் திறப்பைத் தாங்கோ" என்றா ரீச்சர்.

"அதுக்குத் திறப்பே இல்லை ரீச்சர்."

"அப்ப எது இல்லாட்டி அது ஓடாது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் சும்மா இருக்கிற வானை யன்னலால் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருந்தது. "பிளக்" என்றேன். நாகபூசணி ஸ்பானரைக் கொண்டுபோய் ரெண்டு பிளக்கையும் தானே கழற்றி வந்தாள். ரீச்சர் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா. "என்ர அலுமாரிக்குள்ள இருக்கும். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் துவங்கட்டும், பாப்பம்." பிள்ளைகளை அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆவணியில் ஐயாத்துரை அண்ணை வந்தார். எஞ்சினைத் திறந்து கீறல் விழுந்த பிஸ்ரனை விரலால் தடவினார்.

"ஒயில் எவ்வளவு?"

"போத்தலுக்கு ஒரு மூடி."

பிஸ்ரனைத் துணியால் துடைத்து வைத்தார். பிறகு, "நானும் ஒருக்கா இறுக்கினனான், மூர்த்தி. ஆனால் நான் சாரம் கட்டேல்லை" என்றார். சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை. பதினாலாயிரம் கிலோமீற்றர் வந்த மனிசன் சத்தம் கேட்காமல் போகப் போகிறார். என் தோளை விட அதுதான் நொந்தது.

"நீர் அந்தச் சத்தத்தைக் கேட்டனீர்தானே" என்றார். "எப்பிடி இருந்தது?"

வேறு வழியில்லாமல் வாயால் செய்து காட்டினேன். கையைக் கழுத்தில் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஆடு மாதிரி இருமி, பிறகு கத்தினேன். "இல்லை, மேல போகேக்குள்ள இன்னும் கூர்" என்று திருத்தினார். திரும்பச் செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பரவாயில்லை, வருகிற வருசம் புதுப் பிஸ்ரனோடு வாறன் என்றார்.

பள்ளிக்கூடம் துவங்கின காலை ஆறே முக்காலுக்கு ரீச்சர் வீட்டுப் படலையடியில் வானை நிறுத்தி ஒருதரம் கோண் அடித்தேன். நான் காற்சட்டையோடு போயிருந்தேன். மற்றத் தாய்மாரும் தங்கள் தங்கள் படலையில் நின்று அந்தப் படலையைத்தான் பார்த்தார்கள். ரெண்டாம் தரம் கோண் அடிக்கக் கை போகவில்லை.

படலை திறந்தது. ரீச்சர் பிள்ளைகளை விடாமல் தான் மட்டும் வந்து யன்னலால் எட்டி, முதலில் என் காற்சட்டையைப் பார்த்தா. பிறகு கையில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினா. லேஞ்சிக்குள் ரெண்டு பிளக்.

"எண்ணிப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை, ரெண்டும் இஞ்சதான் இருக்கு. வேற எங்கையாவது புதுசு வாங்கினியளெண்டு அறிஞ்சால்…"

"வாங்க மாட்டன் ரீச்சர்."

பிள்ளைகள் ஏறினார்கள். அடுத்த படலையும் திறந்தது, அதற்கடுத்ததும். முள்ளு இருபத்தைந்து. பின்சீற்றிலிருந்து ஒன்று மெதுவாக "ர்ர்ரீங்ங்" என்றது, பிறகு பதினாலு வாயும் சேர்ந்து "ர்ர்ரீங்ங்" என்றன.

"வாயைப் பொத்துங்கோ!" என்று கத்தினேன். ஆறாயிரத்தில் இன்னும் கூராக வரவேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.