மேப்பில் காலியாக இருந்த மணல்

போன வாரம் எங்க லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஒரு சார் வந்தார். நிலம் அளக்கிற ஆபீஸிலிருந்து. கையில் சுருட்டின ரெண்டு மேப்.

பழவேற்காட்டுல டச்சுக்காரங்க கல்லறையைப் பார்க்க வர்றவங்க, அப்படியே கடலையும் பார்க்க எங்க கரைக்கு வர்றாங்க இல்லையா... அவங்க கார் நிறுத்த இடம் வேணுமாம். இடமும் பார்த்தாச்சாம். எது தெரியுமா? நாங்க கருவாடு காயப்போடுற மணல்.

வாராவாரம் இந்தப் பக்கத்துல உங்களோட இவ்வளவு பேசுறவதான் நான். ஆனா நாலு பேர் எதிர்ல நின்னா வாய் ஒட்டிக்கும். அன்னைக்கும் பொம்பளைங்க கூட்டத்துல கடைசியா, என் ஓரகத்தி தனத்தோட முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். தனத்துக்கு முதுகு பெருசு — வாய் அதைவிட.

"அங்க காரை வுட்டா மீனை எங்க காயவெப்போம்? உன் தலையிலயா நைனா?"

சார் கோவப்படலை. சின்ன வயசு. அவர் கால்கிட்டயே நெத்திலி காஞ்சுக்கிட்டிருந்தது. "மீன் காயுறது எனக்குத் தெரியுதும்மா. ஆபீஸ்ல மேப்பைத்தான் கேப்பாங்க. ரெண்டு மேப்லயும் இது காலியிடம்"னு விரிச்சுக் காட்டினார்.

முதல்ல, டச்சுக்காரன் காலத்து மேப்போட காப்பி. கோட்டை இருந்தது. ஏரி இருந்தது. ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரம் இருந்தது. தண்ணிக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி நம்பருங்க — எங்கெங்க எவ்வளவு ஆழம்னு. எங்க கரை? வெறும் வெள்ளை.

தண்ணிக்கு அடியில இருக்கிறதை இவ்வளவு நுணுக்கமா எழுதினவனுக்கு, கரையில குடிசை இருந்தா தெரியாமலா போயிருக்கும்? ஆனா கப்பல் மணல்ல தட்டும், குடிசையில தட்டாதே. அவனுக்கு எது வேணுமோ அதை எழுதிக்கிட்டான். சரி, கழி விட்டுப் பார்த்து ஆழம் சொன்னது யாரு? எங்க ஆளுங்களாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. சொன்ன நம்பர் மேப்ல ஏறிடுச்சு. சொன்னவங்க ஏறலை.

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. மேப்னா பூமியில ஏற்கெனவே போட்டிருக்கிற கோடுன்னு நெனச்சிருந்தேன். யாரோ ஒரு ஆள், தனக்கு வேண்டியதைப் போட்டதுன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

ரெண்டாவது, மேல இருந்து சாட்டிலைட் எடுத்த படம். தனம் அதை வாங்கி ஒரே திருப்பு திருப்பினா.

"அம்மா, வடக்கு மேல இருக்கணும். தலைகீழா புடிச்சிருக்கீங்க."

"கடல் அதோ கீது. பேப்பர்ல மட்டும் வேற பக்கம் இருந்தா நான் வூட்டுக்கு எப்டி போவேன்?"

எல்லாரும் சிரிச்சோம், சாரும்தான். ஆனா கடல் பக்கமா கடலைத் திருப்பினதும்தான் எனக்குப் படம் படிக்க வந்தது. எட்டிப் பார்த்தேன். இது கங்கையம்மன் கோயில். இது எங்க தெரு. இது மணல் — நிஜமாவே காலி, ஒரு மீன் இல்லை. படகெல்லாம் கரையில வரிசையா நிக்குது. கடல்ல ஒண்ணுகூட இல்லை. கோயில்லேருந்து மணல் வரைக்கும் சிவப்பும் மஞ்சளுமா நீளமா ஒரு பட்டை...

அது பந்தல்.

இப்ப சொல்லலைன்னா அடுத்த வருஷம் இந்த மணல்ல கார்தான் காயும். தனத்தோட காதுல சொன்னேன்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு யக்கா சொல்ற? அவருகிட்ட சொல்லு"ன்னு சட்டுனு ஒதுங்கிட்டா, பாவி. எனக்கும் சாருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லை.

"சார்... இது ஆடித் திருவிழால எடுத்தது. அந்த மூணு நாள் வலை தண்ணியில படக்கூடாது, கருவாடு கரையில கிடக்கக்கூடாது. அது எங்க ஊர்க் கட்டு. பெருக்கி, தண்ணி தெளிச்சு வெச்சுடுவோம். இந்த மணல் இப்படித் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கிறது அந்த மூணு நாள்தான்."

சார் படத்தை மூக்குகிட்ட வெச்சுப் பார்த்தார். மூலையில இருந்த தேதியைப் பார்த்தார். போன்ல காலண்டரைத் தேடினார்.

"ஆமாம்மா. ஆடிதான்."

"அப்ப சாட்டிலைட்டு நம்ம ஊருக்குத் திருவிழா பாக்க வந்துகீது. கூழ் ஊத்தாம அனுப்பிட்டோமே"ன்னா தனம். சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரமாச்சு.

கார் நிறுத்த வேற இடம் பார்க்கணும்னு எழுதிடறேன்னு சொன்னார் சார். மணலைச் சுத்திக் கோடு போட்டு, "இதுக்கு என்ன பேரும்மா?"ன்னு கேட்டார். பேரா? எங்களுக்கு அது மணலு, அவ்வளவுதான். ஆளுக்கு ஒண்ணு சொல்லிச் சண்டை போட்டோம். கடைசியில அவரே எழுதினார் — 'பெண்கள் கருவாடு காயவைக்கும் களம்'.

எழுத்துக்கூட்டிப் படிச்சேன். சரியாத்தான் இருந்தது. ஆனா பென்சில்ல இருந்தது.

"பேனாவுல எழுதுங்க சார்"னேன்.